ரோமில் மூன்று இரவு: தனியாகக் கிளம்பும் டெல்டாக்காரருக்கு

ரோமுக்கு டிக்கெட் போட்டதும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, பார்க்க வேண்டிய 25 இடங்கள் என்று ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, இருபத்தைந்தையும் இரண்டரை நாளில் திணிப்பது. அது வேண்டாம். கும்பகோணத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எல்லாக் கோயிலையும் ஒரே மூச்சில் பார்க்கணும் என்றால் என்ன சொல்வோம்? காலையில் நடை திறந்ததும் நாலு கோயில் பாருங்கள், பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுங்கள், நாலரைக்கு மேல் இன்னும் இரண்டு பார்க்கலாம் என்போம். ரோமையும் அப்படியே பாருங்கள். அங்கே சின்ன சர்ச்சுகள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி, மூன்றரை நாலுக்குத்தான் மறுபடி திறக்கும். உள்ளே போகக் காசு கிடையாது, அதே சமயம் மியூசியத்தில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற தரத்தில் ஓவியமும் சிற்பமும் இருக்கும். அதனால் காலையும் மாலையும் சர்ச், நடுப்பகலில் மூடாத இடங்கள். காசு கொடுத்துப் பார்ப்பதை இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்றால், வீட்டில் நிலம் இருக்கிறவர்களுக்கு பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் பொருத்தம். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணமும் கணக்கில் ஏறியிருக்கும். அங்கே பகலில் 13 முதல் 16 டிகிரி, ஒரு ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கிற ஜாக்கெட்டும் போதும். ஹாஸ்டல் விலையும் இறங்கியிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் எல்லாம் ஏறிவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் திறக்கிற ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை போக வேண்டாம். 35 டிகிரி நமக்குப் பழக்கம்தானே என்பார்கள்; நிழலே இல்லாத இடிபாடுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் நிற்கிற 35 வேறு. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை, அதை ஒட்டிப் பல சின்னக் கடைகள் பூட்டியே கிடக்கும்.

விசா

வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; பாரிஸில் நாலு நாள், ரோமில் மூன்று நாள் என்றால் பிரான்ஸிடம், ரோம் மட்டும் என்றால் இத்தாலியிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் வந்தால் வாங்கமாட்டார்கள். விதிப்படி முடிவு சொல்ல 15 நாள் என்றாலும் விசா விண்ணப்ப மையத்தில் நாள் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையம் வாங்குகிற சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்கணும், திரும்புகிற தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்லுபடியாகணும், இரண்டு பக்கம் காலியாக இருக்கணும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை வைக்க நேரில் போகணும். தஞ்சாவூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியக்காலை எழும்பூரில் இறங்கி, வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது பணக் கணக்கில். சம்பளச் சீட்டு இல்லை, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத வீடுகள் நிறைய. அப்படியிருந்தால் வரி ஒன்றும் வராவிட்டாலும் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பட்டா, சிட்டா, நெல் பணம் வரவான வங்கிக் கணக்கு, எல்லாவற்றையும் இணைத்து, இந்த வருமானம் எப்படி வருகிறது என்று ஒரு பக்கக் கடிதம் நீங்களே எழுதி வையுங்கள். சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் செலவு ஏற்கிறார் என்றால் அவருடைய கடிதமும் சம்பளச் சான்றும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: விண்ணப்பிக்கிறதற்கு முந்தின வாரம் சித்தப்பாவிடம் மூன்று லட்சம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுவது. சந்தேகம் வருவதே அந்த வரியைப் பார்த்துத்தான். ஹாஸ்டலை ரத்து செய்ய முடிகிற வகையில் பதிவு செய்யுங்கள், விசா கைக்கு வந்ததும் மலிவாக வேறு கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

விமானம் திருச்சியிலிருந்து ஒரு டிக்கெட், நடுவில் இறங்கி வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகிற மாதிரி தெரியும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், சென்னையிலிருந்து ஏறினாலும் பரவாயில்லை.

மூட்டையில் என்ன

முதுகுப்பை ஏழெட்டுக் கிலோவுக்குள் இருக்கட்டும். கைலி, துண்டு, சின்னப் பூட்டு ஒன்று (ஹாஸ்டல் அலமாரிக்குப் பல இடங்களில் பூட்டு நாமே கொண்டுபோகணும்), ரப்பர் செருப்பு அறைக்குள் மட்டும். வெளியே ஷூதான். ரோம் தெருக்கள் சாம்பல் கருங்கல்லைச் சதுரமாகப் பதித்தவை, ஒரு நாள் செருப்போடு நடந்தால் மறுநாள் கால் எழும்பாது. புது ஷூவும் கூடாது, பழகினது.

சாப்பாட்டுப் பொருள் விஷயத்தில் அம்மாக்களிடம் கண்டிப்பாக இருங்கள். ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டுப் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், திரட்டுப்பால், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். பச்சை இலை, செடி, பெரும்பாலான பழங்களுக்குத் தாவரச் சான்றிதழ் வேணும், ஆகவே கறிவேப்பிலையும் கும்பகோணம் வெற்றிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கைப்பையில் 100 மில்லி விதியில் மாட்டும். சமையலறை இருக்கிற ஹாஸ்டலாகப் பிடித்தால் இரவுச் சாப்பாடு புளிச்சாதத்தில் முடிந்துவிடும். அரிசி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்: டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ சந்தை இருக்கிறது. அதிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் வங்கதேசத்துக்காரர்கள் கடை நிறைய. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். ஞாயிறு சந்தை கிடையாது.

இறங்கியதும்

2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் வெளிநாட்டுப் பயணிகளின் முகப்படத்தையும் கைரேகையையும் கணினியில் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. அதற்கு வரிசையில் நேரம் ஒதுக்குங்கள். ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் சுமார் 30 கிலோமீட்டர். லியோனார்டோ எக்ஸ்பிரஸ் நேராக டெர்மினிக்கு 32 நிமிடத்தில் போகும், 14 யூரோ. த்ரஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்த்தினா பக்கம் தங்குகிறவர்களுக்கு எஃப்எல்1 என்கிற சாதா ரயில், 8 யூரோ. அதற்கும் குறைவாக வேணும் என்றால் டெர்மினிக்கு பஸ் உண்டு, சாலை நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம் ஆகலாம். காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையில் இருக்கிற சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை வாங்கிவிட்டு ஏறணும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். ஊருக்குள் பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் 1.50 யூரோ, 100 நிமிடத்துக்குச் செல்லும், வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு டெர்மினிக்கும் எஸ்குவிலினோவுக்கும் நடுவில் தங்குவதுதான் என் சிபாரிசு. அழகான பகுதி என்று சொல்ல முடியாது, இரவில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் குடிகாரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் எங்கிருந்து எந்நேரம் திரும்பினாலும் வண்டி கிடைக்கும். பெண்கள் மட்டும் தங்கும் அறை பல ஹாஸ்டல்களில் உண்டு, கொஞ்சம் விலை கூட, கொடுக்கலாம். அறை வாடகையோடு நகர வரி ஒன்று ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம்.

முதல் முழு நாள்

காலை ஏழுக்கெல்லாம் சாந்தா மரியா மஜ்ஜோரே. டெர்மினியிலிருந்து நடை தூரம். உள்ளே மேலே பார்த்தால் ஐந்தாம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சில்லுப் படங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன; 2025இல் மறைந்த போப் பிரான்சிஸ் அடக்கமானதும் இங்கேதான். பெரிய சர்ச், மதியமும் மூடாது. இரண்டு நிமிடம் தள்ளி சாந்தா பிரசேதே, வாசல் ஒரு சந்துக்குள் இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள்; ஒன்பதாம் நூற்றாண்டுத் தங்கச் சில்லு வேலை, அங்கே கூட்டம் குறைவு. அப்புறம் சான் பியத்ரோ இன் வின்கோலி, அங்கே மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. இந்த மூன்றுக்கும் ஒரு பைசா கிடையாது. இருட்டான பீடங்களுக்குப் பக்கத்தில் ஒரு உண்டியல் மாதிரி பெட்டி இருக்கும், காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாராவது போடுகிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் கொலோசியம், அங்கிருந்து ஐந்து நிமிடம். டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பக்கத்தில் இருக்கிற ஃபோரம் என்கிற பழைய ரோமின் பொதுச் சதுக்கமும் பலத்தீன் குன்றும் சேர்த்தி. அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும், அன்றே வாங்குங்கள். தாமதித்தால் அதே டிக்கெட்டை வழிகாட்டியோடு சேர்த்து நாலு மடங்குக்கு விற்பவர்களிடம் போய் நிற்கணும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் எடுத்துப்போங்கள், பெரிய முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் அந்த வரிசையில் அரை நாள் போகும். கொலோசியத்துக்குள் ஒரு மணி நேரம் போதும். கி.பி. 80ஆம் ஆண்டில் திறந்த கட்டிடம், வெளியிலிருந்து பார்ப்பதே அதன் பாதி அழகு. ஃபோரத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். அங்கே மாக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அதன் அடியில்தான் தொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்கு இருந்தது. டெல்டா மிளகு என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது, சேர நாட்டுக் கரையிலிருந்து போனது, ஆனாலும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

மாலையில் கால் தாங்கினால் சான் கிளெமென்தே. மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டு சர்ச், டிக்கெட் எடுத்துக் கீழே இறங்கினால் நாலாம் நூற்றாண்டு சர்ச், அதற்கும் கீழே ரோமானியர் வீடும் மித்ரா என்கிற தெய்வத்தின் வழிபாட்டு அறையும். அடித்தளத்தில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். கால் தாங்காவிட்டால் இதை விட்டுவிடுங்கள், இரவில் வெளிச்சம் போட்ட கொலோசியத்தைச் சுற்றி நடந்தால் போதும்.

இரண்டாம் நாள்

ஏழு மணிக்கு புனித பேதுரு பேராலயம். எட்டரைக்கு மேல் வரிசை சதுக்கத்தைச் சுற்றிவிடும். புதன்கிழமை காலை வேண்டாம், போப் மக்களைச் சந்திக்கிற நாள். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், ஆணுக்கும் அப்படித்தான், அரைக்கால் சட்டையில் போய்த் திரும்பி வருகிறவர்கள் தினமும் உண்டு. கோபுரத்துக்கு ஏறுவது 551 படி, பாதி வரை லிஃப்டில் போனாலும் கடைசி 320 படி நடந்துதான். மேலே போகப் போகச் சுவர் சாய்ந்துகொண்டே வரும், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம்.

முதல் முறை, அதுவும் மூன்று இரவு என்றால் வாட்டிகன் மியூசியத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 20 யூரோ, முன்பதிவுக்கு மேலும் 5, அரை நாள், கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போய் மைக்கேலாஞ்சலோ ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயக் கூரையின் கீழே நின்றால், படம் எடுக்காதே, பேசாதே என்று காவலர் அதட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் கூரைக்காகவே ரோமுக்கு வருகிறேன் என்றால் முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, கோபுரத்தை விட்டுவிடுங்கள். ஞாயிறு விடுமுறை, மாதக் கடைசி ஞாயிறு இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

அங்கிருந்து சாந்த் ஆஞ்சலோ பாலத்தில் ஆற்றைக் கடந்து நவோனா சதுக்கம், பிறகு பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயில். நடுப்பகலுக்கு ஏற்ற இடம் பாந்தியன்தான், 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ. ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டியது, 43 மீட்டர் அகலக் கூரை, கம்பி வைக்காத கான்கிரீட், நடுவே திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழும், தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். நாலு மணிக்கு அப்புறம் இரண்டு சர்ச்: சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேசியில் கரவாஜ்ஜோ வரைந்த மத்தேயு ஓவியங்கள் மூன்று, பக்கத்திலேயே சாந்த் அகொஸ்தீனோவில் ஒன்று. அழுக்குக் காலோடு மண்டியிட்ட இரண்டு ஏழைகளை மாதாவுக்கு முன்னால் அவர் வரைந்திருப்பதை வேளாங்கண்ணிக்கு நடந்துபோனவர்கள் யாரும் சீக்கிரம் மறக்கமாட்டார்கள். த்ரேவி நீரூற்றுக்குப் பகலில் போகாதீர்கள். இரவு பதினொன்றுக்கு மேல் அல்லது காலை ஆறரைக்குப் போங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவில் நசோனி என்று இரும்புத் தூண் குழாய்கள், ஊர் முழுக்கச் சுமார் 2,500, 1874 முதல் வைத்தவை, இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு மாதிரி வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

பகல் சாப்பாட்டுக்கு பீட்சா அல் தாலியோ கடைகள்: நீளத் தட்டிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடைக்கு விற்பார்கள், இவ்வளவு போதும் என்று கையால் காட்டினால் சரி. சைவர்களுக்கு மர்கரீத்தா, உருளைக்கிழங்கு வைத்த பதாத்தே, தக்காளி மட்டும் தடவிய ரோஸ்ஸா பயமில்லாதவை. பாஸ்தாவில் காச்சோ எ பேப்பே, சீஸும் மிளகும்தான். கார்போனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. பூசணிப்பூ பஜ்ஜி பார்க்க அப்பாவியாக இருக்கும், உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். சுப்ளி என்கிற அரிசி உருண்டையில் பெரும்பாலும் கொத்துக்கறிக் குழம்பு. 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்று கேளுங்கள், கறியும் மீனும் இல்லாமல் என்று அர்த்தம். பெக்கொரீனோ சீஸ் உறைய வைப்பதற்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள், அந்த அளவுக்குப் பார்க்கிற வீடு என்றால் காச்சோ எ பேப்பேயையும் தவிர்க்கணும். காபியை நின்றுகொண்டே குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு. டிகிரி காபி எதிர்பார்த்துப் போனால் அந்த எஸ்பிரஸோ இரண்டு மடக்கில் முடிந்துவிடும், காலையில் காப்புச்சீனோ கேளுங்கள்.

திருட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, வன்முறை அரிது, ஜேப்படி அதிகம். வாட்டிகன் போகிற 64ஆம் எண் பஸ், மெட்ரோ ஏ வழித்தடம், இரண்டிலும் பையை மார்புப் பக்கம் போடுங்கள். சும்மா கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். ஸ்பானியப் படிகளில் உட்காரக் கூடாது, 2019இலிருந்து அபராதம். அவசரத்துக்கு 112. அட்டை இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோ.

கடைசி அரை நாள்

மாலை விமானம் என்றால் காலையை கடைவீதியில் தொலைக்காமல் மெட்ரோ ஏ பிடித்து ஜூலியோ அக்ரிகோலா நிறுத்தத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து நீர்ப்பாலப் பூங்காவுக்குப் போங்கள். எனக்கு ரோமில் முதலிடம் இதற்குத்தான், கொலோசியத்துக்கு அல்ல. புல்வெளிக்கு நடுவே அக்வா கிளாடியா என்கிற ரோமானிய நீர்ப்பாலத்தின் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன, கி.பி. 38ஆம் ஆண்டில் தொடங்கி 52இல் முடித்தது. சுமார் 69 கிலோமீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து, பெரும்பகுதி நிலத்துக்கு அடியில், ஊரை நெருங்கும்போது உயரம் குறையாமல் இருக்க வளைவுகளின் மேல், மோட்டார் இல்லாமல் சரிவை மட்டுமே வைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வாய்க்கால் வரப்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சரிவுக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று மட்டம் பார்த்து அலைந்தவர்கள் நாம். ஆற்றை மண்ணில் மறித்துத் திருப்பிய கல்லணையும், ஆற்றை நம்பாமல் ஊற்றைத் தேடிப்போன இந்த வளைவுகளும் இரண்டு தனித்தனிப் புத்தி. பக்கத்திலேயே 1586இல் கட்டிய அக்வா ஃபெலீச்சே, தாழ்ந்த வளைவுகளோடு ஓடும். நாயோடு ஓடுகிறவர்களும் ஆடு மாதிரி படுத்திருக்கிற காதலர்களும் தவிர பயணிகள் குறைவு. டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது.

பெரிய பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அறையைக் காலி செய்த பிறகும் பெரும்பாலும் வைக்க விடுவார்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஃபியூமிசினோவில் இருக்கணும் என்றால் டெர்மினியில் நாலு மணி நேரம் முன்பே நில்லுங்கள், ரயில் வேலைநிறுத்தம் அங்கே சாதாரணம். ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள், முந்தின இரவே ஹாஸ்டல் வரவேற்பில் 'ஷோப்பெரோ இருக்கா' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இருக்கிறது என்றால் பஸ், அதுவும் இல்லையென்றால் டாக்சிக்கு ஊருக்குள்ளிருந்து நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ. மீட்டர் போடுகிறேன் என்றால் ஏறாதீர்கள்.